மச்சான் எடுக்க வேண்டிய கல்

ஜனவரி 9, வியாழன்

அப்பா என்னை மாமா வீட்டில் விட்டுவிட்டுப் போனார். வீடு வரை வரவில்லை. எஸ்டேட் முக்கில் பஸ் நின்றதும் பையை இறக்கிக் கொடுத்து, கீழே போகிற பாதையைக் காட்டினார்.

“வழி மறந்திருக்காதுல்ல அம்மிணி?”

“மறக்கலப்பா.”

“அம்மாவுக்குக் கல்லு வைக்கிறது முடியற வரைக்கும் இரு. நான் லாரியோட போயிட்டா நீ வீட்டுல தனியா இருக்கோணும். அதுக்கு இது தேவலை.”

காப்பிச் செடிகளுக்குள் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். அப்பா அங்கேயே நின்றார். அவர் இந்தப் பாதையில் ஒருமுறைகூட இறங்கியதில்லை. அம்மா வருஷத்துக்கு ஒரு தடவை தனியாகத்தான் வருவாள். நான் சின்னவளாக இருந்தபோது சிலமுறை என்னையும் கூட்டி வந்திருக்கிறாள். உடம்பு கெட்ட பிறகு அவளும் வரவில்லை. ஆஸ்பத்திரியிலேயே செத்துப்போய்ச் சில மாதங்கள் ஆகின்றன.

ஊர் பெயர் நீராடிக்கொம்பை. இருளர் வீடுகள் மட்டும்தான். மாமா பெயர் காளன், அம்மாவின் அண்ணன். காட்டிலாகாவில் வாச்சர். நான் வாசலில் போய் நின்றபோது கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. “வந்துட்டியா” என்றார். மறுபடி தீட்ட ஆரம்பித்தார்.

மருதி அத்தை சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள். குளித்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

நாள் முழுவதும் காப்பிப் பழம் பறித்தோம். மாமாவின் மகள் நஞ்சி என்னைவிட இரண்டு வயது பெரியவள். கை பறிக்கிற வேகத்துக்கு வாயும் ஓடும். முறைக்கு அவள் எனக்கு மதினி, நான் அவளுக்கு மதினி. அதனால் என்ன வேண்டுமானாலும் கேலி செய்யலாமாம்.

“ஏ மதினி, பழத்தப் பறிக்கச் சொன்னா செடிகிட்டக் கும்புட்டு உத்தரவு கேக்கறயே. வாயில என்ன, கொழுக்கட்டையா?”

சிரித்தேன்.

“இது சிரிப்பா? பல்லக் காட்டவே காசு கேப்பா போல!”

என் பக்கத்தில் பழுக்காததும் நிறைய விழுந்திருந்தது. அத்தை பார்த்தாள். நானே பொறுக்கித் தனியாக வைத்தேன்.

ஜனவரி 13, திங்கள்

மேட்டுப்பாளையத்தில் அம்மாவை எல்லாரும் வள்ளி என்று கூப்பிட்டார்கள். இங்கே பெள்ளி. காலையில் ஊர்த் தலைவரான மூப்பர் வீட்டு முற்றத்தில் ஆண்கள் கூடியபோது பெள்ளி, பெள்ளி என்று பலமுறை காதில் விழுந்தது. அவர்கள் தங்கள் பேச்சில் பேசும்போது எனக்குப் பாதிதான் விளங்கும். மீதியை நஞ்சி சொன்னாள்.

மாமாவின் குலத்துக்கு ஆற்றுக்கு மேலே ஒரு கல்மனை இருக்கிறது. தாழ்ந்த கூரை போட்ட சிறிய வீடு. அந்தக் குலத்தில் பிறந்தவர்கள் எங்கே செத்தாலும், எங்கே புதைத்தாலும், ஆளுக்கு ஒரு கல் ஆற்றிலிருந்து எடுத்து வந்து உள்ளே வைப்பார்கள். வருஷத்துக்கு ஒருநாள்தான் கதவு திறக்கும். அந்த வருஷம் செத்தவருக்கு அந்த வருஷமே வைக்க வேண்டும். தவறினால் தவறியதுதான். கல் கிடைக்காதவர்கள் ஆற்றோரமே நின்றுகொண்டிருப்பார்களாம்.

கல்லைக் குலத்து ஆள் எடுக்கக் கூடாது. செத்தது பெண்ணானால் அவள் எந்த வீட்டுக்கு வாழப் போனாளோ அந்த வீட்டு ஆள், அதாவது மச்சான், எடுத்து வர வேண்டும். குலத்தார் வாங்கி உள்ளே வைக்க வேண்டும். இந்த வருஷம் மூன்று பேர். இரண்டு பேருக்கு மச்சான்கள் தயார். மூன்றாவது அம்மா.

ஒருவர் சொன்னார்: “அவ போனது வெளியில. நம்ம சாதியே இல்ல. எந்த மச்சான் வருவான்?”

மூப்பர் சொன்னார்: “வெளியில போனாலும் வருஷா வருஷம் முதச்சோறு திங்க வந்தாளா இல்லயா? வந்தவளுக்குக் கல்லு உண்டு. புருசனக் கூப்புட வேண்டியதுதான்.”

மாமா எழுந்துவிட்டார். “அந்த ஆளு பேச்ச எங்கிட்ட எடுக்காதீங்க மூப்பரே.”

பிறகு மூப்பர் என்னைப் பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

“இவ அந்த வீட்டுப் புள்ளதான? அவ அப்பனுக்குப் பதிலா இவ எடுக்கட்டும்.”

மாமா என்னைப் பார்க்காமலே தலையாட்டினார். “எடுக்கலாம். இவ வெளி ஆளுதான்.”

மாமா சொன்னது சரிதான். அம்மாவுக்கு இடம் கிடைத்துவிட்டது, அதில் எனக்குச் சந்தோஷம். மத்தியானம் முழுவதும் தலை வலித்தது. சாப்பிடவில்லை.

ஜனவரி 15, புதன்

பாறைமேட்டில் ஏறினால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் மூட்டை தூக்குகிற மண்டியில் சத்தமாக இருந்தது. உருளைக்கிழங்கு வண்டிகள் வந்து இறங்குகிற நேரம்.

“சாப்பிட்டியா அம்மிணி?”

“சாப்பிட்டேன்பா.”

“உங்க மாமன்... என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டாப்பலயா?”

“இல்லப்பா.”

“சரி சரி. பனி எறங்கும், காதக் கட்டிக்க.”

கல்லை நான் எடுக்கப் போவதைச் சொன்னேன். அந்தப் பக்கம் மூட்டை விழுகிற சத்தம் கேட்டது. “அதுவும் நல்லதுதான்” என்றார்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று நஞ்சியிடம் ஒன்று கேட்டேன். பல மாதங்களாக யாரிடமும் கேட்காதது.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியது அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருப்பதற்குத்தான். வாரத்துக்கு இரண்டு தடவை ரத்தம் சுத்தம் செய்யப் போவோம். கடைசிக் கொஞ்ச நாள் அம்மா தமிழே பேசவில்லை. இந்த ஊர்ப் பேச்சுதான். அதுவரை வீட்டில் அதை ஒரு வார்த்தைகூடப் பேசினதில்லை. நர்ஸ் என்னிடம், “உங்கம்மா என்ன கேக்கறாங்க, தண்ணியா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி எதையோ சொன்னாள்.

அந்த ஓசை எனக்கு நினைவிருந்தது. நஞ்சிக்குச் சொல்லிக் காட்டினேன். அவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“ஆட்டுக்குட்டியத் திட்டறாங்க! அவரைக்கொடிப் பந்தல்ல பூந்துருச்சு, ஓட்டு ஓட்டுன்னு கத்தறாங்க. உன்னையத்தான் ஓட்டச் சொல்லியிருப்பாங்க.”

நானும் சிரித்தேன். பிறகு காப்பிக் களத்தில் போய்ப் பழத்தைக் கிளறிவிட்டேன். ஏற்கெனவே கிளறியாகிவிட்டதென்று அத்தை சொன்னாள். இன்னொரு தடவை கிளறினால் சீக்கிரம் காயும்.

ஜனவரி 22, புதன்

எனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்திருக்கிறது. கல்லை எடுத்து வந்தால் மட்டும் போதாதாம்.

நஞ்சி ஆற்றுக்குக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினாள். மச்சான் கல்லோடு கரை ஏறும்போது குலத்துப் பெண்கள் வழியை மறித்து நிற்பார்கள். வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். எங்கள் பெண்ணுக்குச் சோறு போட்டாயா, சேலை வாங்கிக் கொடுத்தாயா, அவளைக் கொன்று கல்லைக் கொடுக்க வந்தாயா என்றெல்லாம். மச்சான் கோபப்படக் கூடாது. திரும்ப ஏதாவது சொல்லி அவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். அவர்கள் சிரித்தால்தான் வழி விடுவார்கள். அதுவரை கல்லைக் கீழே வைக்கவும் கூடாது.

“போன தடவ ஒரு மச்சான் பாதி நாளு நின்னான். கையெல்லாம் நடுங்கிப் போச்சு” என்றாள். “நீ வாயத் தொறக்கறதுக்குள்ள அடுத்த வருசமே வந்துரும் மதினி.”

என்னைப் போன்றவள் எதைச் சொல்லிச் சிரிக்க வைப்பது? வரும் வழியெல்லாம் யோசித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே நகைச்சுவை, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் பாட்டி சொன்னது. அது இங்கே சொல்ல முடியாது.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று முதற்சோறு. புதுச் சாமை குத்தி, உலையில் போட்டார்கள். நான் புடைத்தேன், உமி கண்ணில் விழுந்தது. முற்றம் மெழுகினேன். இரண்டு பானை. சின்னப் பானைச் சோறு இந்தக் குலத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும். பெரிய பானை மற்ற எல்லாருக்கும். சமைத்தவள் மருதி அத்தை, ஆனால் அவளுக்கே சின்னப் பானையில் பங்கு கிடையாது. அவள் வேறு குலத்திலிருந்து வந்தவள்.

சின்னப் பானைச் சோற்றை மாமா கையால் உருட்டி வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். நான் பலாமரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குடத்தோடு உட்கார்ந்திருந்தேன். மாமா என்னிடமும் வந்து கொடுத்தார். சாப்பிட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதவில்லை.

பலாமரத்தடி அம்மா எப்போதும் உட்காருகிற இடமாம். எனக்குத் தெரியாது. நஞ்சி பிறகுதான் சொன்னாள். நான் அத்தை கொடுத்த அம்மாவின் பழைய சேலையைக் கட்டியிருந்தேன். மாமா குனிந்தபடியே ஒவ்வொரு கையாகப் பார்த்து உருண்டை வைத்துக்கொண்டு வந்தார். என் கைக்கு நேராக வந்தபோது, “இந்தா பெள்ளி” என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே தெரிந்துவிட்டது. கை அப்படியே நின்றது. உருண்டை அதற்குள் என் கையில் இருந்தது. எல்லாரும் பார்த்தார்கள்.

பசியாக இருந்தது. சாப்பிட்டேன்.

இன்று காலையில் மூப்பர் வந்தார். “அது ஒனக்கில்லன்னு தெரியுமா தெரியாதா?” என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மருதி அத்தை அடுப்படியிலிருந்து கத்தினாள்:

“குடுத்தவன் கையக் கேளுங்க! வாங்குன புள்ளயப் போயி மெரட்டறீங்க!”

மாமா கொடுத்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“தின்னாச்சு” என்றார் மூப்பர். “குலத்துச் சோறு உள்ள போனா குலத்தாளு. அத யாரும் மாத்த முடியாது, நானும் மாத்த முடியாது. ஆனா காளா, இனி இந்தப் புள்ள கல்லத் தொட்டு எடுக்கக் கூடாது. அது ஒனக்குத் தெரியும்.”

அவர் போன பிறகு நஞ்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “நாசமாப் போச்சு. இனி நீ எனக்கு மதினி இல்ல, தங்கச்சி. ஒன்னயக் கேலி பண்ண முடியாது. இனி யாரப் போயி நான் திட்டறது?”

“அப்ப மாமாவ எப்படிக் கூப்பிடறது?”

“மாமா மாமாதான். அதப் போட்டுக் கொழப்பாத.”

சிரிக்க வேண்டும் போல இருந்தது. அம்மாவின் கல் நினைவுக்கு வந்தது.

ஜனவரி 28, செவ்வாய்

மாமா வேலைக்குப் போனார். வந்தார். கத்தியை எடுத்துத் தீட்ட உட்கார்ந்தார்.

ஜனவரி 30, வியாழன்

சோற்றைத் துப்பிவிட்டால் சரியாகுமா என்று அத்தையிடம் கேட்டேன். அவள் என் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையிலேயே ஒரு தட்டு தட்டினாள்.

பிப்ரவரி 1, சனி

பாறைமேட்டுக்குப் போய் அப்பாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சோறு சாப்பிட்டதைச் சொன்னபோது, “நல்லா இருந்துச்சா?” என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன்.

“நீங்க வந்து எடுக்கணும்பா. வேற யாரும் எடுக்க முடியாது.”

“நான் எப்படி அம்மிணி வர்றது? கூப்பிடாம வந்தா அவங்க முறைக்கே அது ஒத்து வராது. அம்மா சொல்லியிருக்கா. பொண்ணோட அண்ணன் நேர்ல வந்து வெத்தலை வச்சுக் கூப்பிடோணும்.”

“மாமா கூப்பிட்டா வருவீங்களா?”

“அவன் கூப்பிட மாட்டான். கூப்பிடக் கூடாது. அவன் மேல தப்பில்ல அம்மிணி. நீ அவங்கிட்டக் கேக்காத” என்றார்.

இத்தனை நாளும் அப்பாவுக்குத்தான் மாமாமேல் கோபம் என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

காய்ந்த காப்பிக்கொட்டையை அத்தையோடு சாக்கில் பிடித்தேன். சாக்கின் வாயை நான் விரித்துப் பிடிக்க, அவள் முறத்தால் அள்ளிப் போட்டாள். அப்பா ஏன் இங்கே வரவில்லை என்று கேட்டேன். கேட்டுவிட்டேன் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

“ஒங்கம்மா சொல்லலயா?”

“இல்லத்தை.”

அத்தை இரண்டு முறம் அள்ளிப் போட்டாள். பிறகு சொன்னாள். அம்மா போன புதிதில் மாமா தங்கையைப் பார்க்க மேட்டுப்பாளையம் போயிருக்கிறார். தேனும் சாமையும் சுமந்துகொண்டு, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். தண்ணீர் கேட்டார். அப்பாவின் அக்கா சொம்போடு வெளியே வந்தாள். சொம்பைக் கையில் கொடுக்கவில்லை. கையைக் குவிக்கச் சொல்லி, மேலேயிருந்து ஊற்றினாள். அம்மா உள்ளே இருந்தாள், அவளுக்கு இது தெரியாது. அப்பா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“ஒங்க மாமன் அந்தத் தண்ணியக் குடிச்சாரு. குடிச்சிட்டுத் தேன அங்கயே வச்சிட்டு வந்துட்டாரு. அதுக்கப்புறம் அந்தப் பேரு இந்த வீட்டுல இல்ல. பெள்ளி வந்தா சோறு உண்டு. அவ புருசனப் பத்தி அவளும் பேச மாட்டா, இவரும் கேக்க மாட்டாரு.”

“ஏன் குடிச்சாரு? வேண்டாம்னு வந்திருக்கலாமே.”

“பாதையெல்லாம் வெயிலு. தாகமா இருந்துச்சாம்.”

தண்ணீர் ஊற்றிய அந்த அத்தை எனக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் பாவாடை எடுத்துத் தருவாள். கையைப் பிடித்து வளையல் போட்டுவிடுவாள். சாக்கின் வாயை நான் சரியாகப் பிடிக்கவில்லை. கொட்டைகள் கொஞ்சம் சிந்திவிட்டன. பொறுக்கினேன்.

பிப்ரவரி 5, புதன்

மாமா காட்டு வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். நான் நகரவில்லை.

“என்ன புள்ள?”

பேச நினைத்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. “அம்மா ஆத்தோரமே நிக்க வேண்டாம் மாமா” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

மாமா சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நீயும் அந்த வீட்டுப் புள்ளதான்” என்றார்.

“ஆமா மாமா. இந்த வீட்டுச் சோறும் தின்னுட்டேன்.”

அத்தை உள்ளே எதையோ கீழே போட்டாள். மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். வந்த நாளிலிருந்து அவர் என்னை நேராகப் பார்த்தது இன்றுதான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் மாமா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றையும் துண்டில் முடிந்துகொண்டார். எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. பஸ்ஸுக்கு ஏறிப் போனார்.

சாயங்காலம் திரும்பினார். “அந்த மண்டியில என்ன நாத்தம்! எப்படித்தான் அங்க மனுசன் வேல செய்யறானோ” என்றார். அவ்வளவுதான். துண்டில் முடிச்சு இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

அப்பாவைக் கூப்பிட்டேன்.

“வந்தான் அம்மிணி. மூட்டை மேல உக்காந்துக்கிட்டு நான் லோடு எறக்கறதப் பாத்துக்கிட்டே இருந்தான். ஒண்ணும் பேசல. நானும் பேசல. என்னத்தப் பேசறது? வேல முடிஞ்சு, வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். வருவான்னு நெனக்கல. வந்தான்.”

“அப்புறம்?”

“சொம்புல தண்ணி குடுத்தேன். கையில குடுத்தேன். பாதி குடிச்சிட்டு வச்சான். மீதிய நான் குடிச்சேன். அதுக்கப்புறம் அவன் துண்ட அவுத்தான்.”

இன்று கடைசிக் காப்பிச் சாக்கும் போய்விட்டது. களம் காலியாக இருக்கிறது. நஞ்சி அங்கே ஓடிப்பிடித்து விளையாடலாம் என்றாள். விளையாடினோம்.

பிப்ரவரி 15, சனி

அப்பா வந்தார். நான் எஸ்டேட் முக்கு வரை போய் அழைத்து வந்தேன். புதுச் சட்டை, மடிப்புக் கலையாமல். பாதையில் இறங்கும்போது கால் வழுக்கியது. “இந்த வழியிலயா உங்கம்மா உன்னத் தூக்கிக்கிட்டு வந்தா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

மச்சான்கள் இன்று குலத்து வீட்டுக்குள் தங்கக் கூடாது. வெளியே பந்தலில் மற்ற இரண்டு மச்சான்களோடு உட்கார்ந்தார். அவர்கள் இருவரும் கூலி வேலைக்காரர்கள். அப்பாவுக்கு நாளைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள், அதில் பாதி பொய். “கல்ல எடுக்கறப்ப ஒத்தக் கால்ல நிக்கோணும்” என்றார்கள். அப்பா நம்பிவிட்டார்.

அத்தை களியும் கீரையும் கொடுத்தனுப்பினாள். தட்டை நான்தான் கொண்டுபோனேன். மூப்பர் வழியில் என்னை நிறுத்தினார். வழி மறிக்கும்போது முதல் கேள்வியைக் கேட்பது கடைசியாகக் குலத்துச் சோறு தின்ற ஆளாம். வழக்கமாக அந்த வருஷம் சோறு தின்னப் பழகிய சின்னக் குழந்தைதான் கேட்கும். தாய் காதில் சொல்லச் சொல்ல மழலையில் கேட்கும், எல்லாரும் ரசிப்பார்கள்.

“இந்த வருசக் கொழந்த நீதான்” என்றார் மூப்பர்.

பிப்ரவரி 16, ஞாயிறு

விடிந்ததும் ஆற்றுக்கு மேலே போய் நின்றோம். தவில் அடித்தார்கள், கொகல் என்கிற குழலை ஊதினார்கள். என்னைப் பெண்களின் வரிசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். நஞ்சி பின்னாலிருந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், நான் ஓடிவிடுவேன் என்று.

முதல் இரண்டு மச்சான்களிடமும் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “கொழந்தைக்கு இன்னும் பேச்சு வரல” என்று ஒருத்தி சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். அந்த இரண்டு மச்சான்களும் பழகியவர்கள். பெண்கள் திட்ட, அவர்கள் பதிலுக்குத் திட்ட, சீக்கிரமே வழி கிடைத்துவிட்டது.

மூன்றாவதாக அப்பா வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, ஈரக் காலோடு, இரண்டு கையாலும் கல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். இவ்வளவு பெரிய கல் எடுக்க வேண்டியதில்லை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போல. மற்றவர்கள் எடுத்ததைப் போல இரண்டு பங்கு இருந்தது.

எனக்கு இரண்டு எட்டு முன்னால் வந்து நின்றார். என்னைப் பார்த்துச் சிரிக்கப் போனார். பிறகு சிரிக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, நிறுத்திக்கொண்டார்.

நஞ்சி என்னைக் கிள்ளினாள்.

“யாரு நீங்க?” என்று கேட்டேன். சத்தமாகவே வந்துவிட்டது. ஆற்றுச் சத்தத்துக்கு மேலே கேட்டது.

அப்பாவுக்குப் பதில் தெரியும், மற்ற இருவரும் சொன்னதைக் கேட்டிருந்தார். என் பின்னால் நின்ற பெண்களைப் பார்த்தார். மேலே கல்மனை வாசலில் நின்ற மாமாவைப் பார்த்தார்.

“தண்டபாணி” என்றார். “மேட்டுப்பாளையம். பெள்ளிக்குப் புருசன். இந்தக் குலத்துக்கு மச்சான்.”

பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

“மச்சானாமே மச்சான்! இத்தன வருசம் எந்தப் பொந்துல இருந்தாரு மச்சான்?”

“பொண்ணக் களவாண்டுட்டுப் போயி, கல்லக் குடுத்து ஏமாத்தப் பாக்கறயா?”

“ஏ, அவளுக்கு வயிறு நெறயச் சோறு போட்டயா?”

அப்பா கல்லை இன்னும் இறுக்கிப் பிடித்தார். முகம் சிவந்துவிட்டது. அவர் அழுதுவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. மச்சான் அழக் கூடாது. எனக்கு அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் போல இருந்தது. ஆனால் என் இடம் இந்தப் பக்கம்.

“மூட்ட தூக்கறவனுக்கு இந்தக் கல்லு கனக்குதா?” என்று கேட்டது மருதி அத்தை. அவள் இந்தக் குலமே இல்லை, வரிசையில் நிற்கவே கூடாது. ஓரமாக நின்று கத்தினாள். “கையி ஆடுது பாரு!”

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“இதெல்லாம் ஒரு கனமாங்க?” என்றார். “உங்க வீட்டுப் பொண்ணு கிண்டுன ராகிக் களியத் தின்னு பொழச்சவன் நான். அதுக்கு முன்னால இந்தக் கல்லு பஞ்சு.”

பிறகு என் பின்னால் யாரோ ஒரு கிழவி மூக்கால் சிரித்தாள். “நெசந்தான், அவளுக்குக் களி கிண்டவே வராது” என்றாள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். நஞ்சி என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அம்மாவின் களியில் கட்டி கட்டியாக மாவு இருக்கும். நானும் சிரித்தேன். அப்பா சிரித்துக்கொண்டே அழுதார், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாமா இறங்கி வந்தார். பெண்கள் விலகினார்கள்.

“முறை ஏதாச்சும் தெரியுதா ஒனக்கு? இவ்வளவு பெரிய கல்ல எந்தக் கிறுக்கன் எடுப்பான்?” என்றார். அப்புறம், “குடுங்க மச்சான், போதும்” என்றார்.

நானும் மாமாவும் சேர்ந்துதான் அதை வாங்கினோம். ஒரு பக்கம் ஈரமாகவும் அப்பா அணைத்திருந்த பக்கம் கதகதப்பாகவும் இருந்தது.

கல்மனைக்குள் குனிந்துதான் போக வேண்டும். உள்ளே இருட்டு. தரை முழுவதும் கல், சுவரோரம் கல், கல்லின்மேல் கல். அப்பா எடுத்ததைப் போலப் பெரியவையும் அதில் பல; எதிலும் பெயர் இல்லை. மாமா தள்ளித் தள்ளி இடம் உண்டாக்கினார். வைத்தோம். மற்ற இரண்டையும் வைத்தார்கள். மூப்பர் விளக்கெண்ணெயை எடுத்துப் பழையது புதியது பார்க்காமல் எல்லாவற்றின்மேலும் ஊற்றினார். எல்லாக் கற்களும் கறுத்துப் பளபளத்தன.

வெளியே வந்தபோது அப்பா பந்தலில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“வச்சாச்சா அம்மிணி?”

“வச்சாச்சுப்பா.”

“அவ கல்லு தனியாத் தெரியுதா?”

உள்ளே இருந்தபோது நானும் அதைத்தான் தேடிப் பார்த்தேன்.

“தெரியலப்பா. எல்லாத்து மேலயும் எண்ணெய் ஊத்திட்டாங்க. எது அம்மான்னு தெரியல.”

அப்பா தலையை ஆட்டினார். ஆற்றோரத்தைப் பார்த்தார். “நல்லது” என்றார்.